கேட்டுக்கு முன்னால் நின்று சத்தம் போட்டு என்ன பிரயோசனம்? தோட்டத்துப் பட்டணத்தில் மறியலுக்கு இடம் பார்க்கும் முறை

எங்கள் முதல் மறியல் ஒரு சனிக்கிழமை காலை, தோட்டத்துக் கேட்டுக்கு முன்னால். அறுபது பேர் மூன்று மணி நேரம் வெயிலில் நின்றோம். மேனேஜர் ஈப்போவில் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டார் என்று பாதி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. கேட்டில் இருந்தது ஒரு நேப்பாளக் காவலாளி, பாவம், அவரே எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். செம்பனைக் குலை ஏற்றி வந்த லோரி உள்ளே போக முடியாமல் நின்றது, அதை ஓட்டி வந்தவர் பக்கத்துத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கும் நம்ம ஆள், அன்றைக்கு ஒரு டிரிப் காசு அவருக்குப் போனது. எங்களோடு நின்ற பாட்டி ஒருவர் கேட்டார்: "ஏம்பா, தொர இல்லாத ஆபீசப் பாத்து யாருகிட்டப்பா கத்துறோம்?"

பாட்டி கேட்ட கேள்வியிலிருந்துதான் இடம் பார்க்கும் வேலையே ஆரம்பிக்கிறது. தோட்டத்தை வாங்கி வீடமைப்புத் திட்டம் போடுகிறவர், லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, காலி பண்ணச் சொல்லிக் கடிதம் அனுப்புகிறவர், ஆலையின் நாற்றத்தைப் பட்டணத்துக்கு விட்டுவிட்டுத் தான் மட்டும் கோலாலம்பூரில் கொண்டோமினியத்தில் இருக்கிறவர், இப்படிப் பெரிய பணக்காரர்களை எதிர்த்து நிற்கும்போது அவர்கள் நம் ஊரில் இருப்பதே இல்லை. அந்தக் காலத்தில் துரை பங்களா மேட்டில் இருந்தது, கீழே நின்று பார்த்தால் விளக்கு தெரியும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரைமாரைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்துங்கள் என்பது. அதாவது துரை அதே செம்மண் ரோட்டில் தினம் எதிரே வருவார். இன்றைக்கு நம் முதலாளி எந்த ரோட்டில் வருகிறார்?

1981 செப்டம்பர் 7 அன்று கத்ரி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் தோட்டங்கள் கைமாறிய கதை இதற்கு நல்ல பாடம். லண்டன் பங்குச் சந்தையில் நான்கு மணி நேரத்துக்குள் மலேசியத் தரப்பினர் பங்குகளை வாங்கி முடித்துவிட்டார்கள். இங்கே பால்மரத்தில் கத்தி வைத்துக்கொண்டிருந்தவருக்குத் தன் முதலாளி மாறியது தெரியாது. அது வெள்ளைக்காரனிடமிருந்து நாட்டுக்கு வந்த வாங்கல், பலருக்குச் சந்தோஷம்தான், அது வேறு விஷயம். தோட்டத்தின் தலைவிதி தோட்டத்தில் எழுதப்படுவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆகவே இடத்தைத் தேடாதீர்கள், முதலில் கையெழுத்தைத் தேடுங்கள். யார் ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டால், அல்லது போட மறுத்தால், உங்கள் பிரச்சினை நின்றுபோகும்? அந்த ஆள் எந்தத் தேதியில், எந்தக் கட்டடத்தில் அதைச் செய்யப்போகிறார்? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் இடம் தானாக வந்து நிற்கும்.

கையெழுத்தைக் கண்டுபிடிப்பது

லாட் நம்பரையோ கிராண்ட் நம்பரையோ எடுத்துக்கொண்டு மாவட்ட நில அலுவலகத்துக்குப் போங்கள், சாரியான் (நிலப் பதிவுத் தேடல்) போட வேண்டும் என்று சொன்னால் கவுண்டரில் காட்டுவார்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது, எந்த வங்கியிடம் அடமானம், நிலத்தின் பயன்பாடு விவசாயமா கட்டடமா எல்லாம் அதில் இருக்கும். எங்கள் விஷயத்தில் லயத்தில் இருந்த எல்லாரும் பழைய கம்பெனியையே திட்டிக்கொண்டிருந்தோம், சாரியான் எடுத்துப் பார்த்தால் நிலம் வேறொரு செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் கம்பெனி) பெயருக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஒன்றரை வருடம் தப்பான ஆளைத் திட்டியிருக்கிறோம்!

கம்பெனி பெயர் கிடைத்ததும் கம்பெனிகள் ஆணையத்தில், அதாவது எஸ்எஸ்எம்-இல், சில வெள்ளி கட்டி அதன் இயக்குநர்கள் யார், பங்கு யாரிடம் என்று பார்க்கலாம். பங்குச் சந்தையில் உள்ள கம்பெனியாக இருந்தால் இன்னும் சுலபம், ஆண்டறிக்கை இணையத்தில் சும்மா கிடைக்கும், அதன் கடைசிப் பக்கங்களில் முப்பது பெரிய பங்குதாரர்களின் பட்டியல் இருக்கும். அதைக் கட்டாயம் படியுங்கள். பெரிய தோட்டக் கம்பெனிகள் பலவற்றின் பட்டியலில் ஊழியர் சேமநிதி வாரியம் இருப்பதைப் பார்ப்பீர்கள். மாதாமாதம் நம் சம்பளத்தில் பிடிக்கும் இபிஎஃப் காசு அங்கே போய் பங்காக நிற்கிறது. இதைச் சொன்னபோது என் மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் "அப்ப நான்தான் மொதலாளியா?" என்றார். சிரிப்பாக இருந்தாலும் அதில் விஷயம் இருக்கிறது. நீங்கள் அந்த நிதியின் உறுப்பினர் என்ற முறையில் எழுதும் கடிதத்துக்கு, வழியில் போகிறவர் எழுதும் கடிதத்தைவிடக் கனம் அதிகம்.

அடுத்து, அரசாங்கப் பக்கம். 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தை (நம் கணக்கில் கிட்டத்தட்ட நூறு ஏக்கர்) பிரித்துக் கைமாற்றுவதற்கு மாநிலத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்று தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவு சொல்கிறது. ஐம்பது, அறுபதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போனதும், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலை, வீடு இரண்டையும் இழந்ததும் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்ததும் அந்தத் துண்டாடலுக்குப் பதிலாகத்தான். இந்த 214ஏ பிரிவு இருப்பதே பல பேருக்குத் தெரியாது. விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற மாநில அரசின் ஒப்புதல், வீடு கட்ட ஊராட்சி மன்றத்தின் திட்ட அனுமதி. ஆக ஒரு தோட்டம் தாமானாக மாறுவதற்குள் மூன்று நான்கு மேசைகளைத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு மேசையும் ஒரு வாய்ப்பு, ஆனால் பேப்பர் அந்த மேசையில் இருக்கும்போது மட்டும். அது தாண்டிப் போன பிறகு அங்கே போய்க் கத்தினால் குமாஸ்தாவுக்குத் தலைவலிதான் மிச்சம்.

எதற்குப் பயப்படுகிறார்கள்?

கையெழுத்துப் போடுகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பயப்படுவதில்லை. சட்டமன்ற உறுப்பினருக்கு ஓட்டு. ஊராட்சி மன்றத் தலைவருக்கு மேலிடத்துக் கேள்வி. வங்கிக்குப் பேர் கெடுவது. வீடமைப்பாளருக்கு என்ன? எங்களுக்கு இது புரிய ரொம்ப நாள் பிடித்தது: வீடு வாங்க வருகிறவர். அவருடைய முன்பணத்தை நம்பித்தான் மொத்தத் திட்டமும் ஓடுகிறது.

அதனால் இரண்டாவது தடவை தோட்டத்துக்கே போகவில்லை. பட்டணத்துக் கடைவரிசையில் புதுத் திட்டத்துக்கான விற்பனைக்கூடம் திறக்கிற சனி ஞாயிறு பார்த்துப் போனோம். பலூன் கட்டியிருந்தார்கள், சாப்பாட்டு லோரி வந்திருந்தது, சிங்க நடனம்கூட இருந்தது. நாங்கள் முப்பத்தைந்து பேர், எதிர்ப்பக்க நடைபாதையில், யார் வழியையும் மறிக்காமல், "இந்த நிலத்தில் இன்னும் 28 குடும்பம் இருக்கிறது" என்று மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் எழுதிய ஒரே ஒரு பதாகையோடு நின்றோம். வந்தவர்களுக்கு ஒரு தாள் கொடுத்தோம், அவ்வளவுதான். சத்தமே போடவில்லை. கேட்டில் மூன்று மணி நேரம் கத்தியும் வராத ஆள், இங்கே ஐம்பது நிமிடத்தில் இறங்கி வந்தார், டை கட்டியிருந்தார், "வாங்க, உள்ள உக்காந்து பேசலாம்" என்றார். நாங்கள் உள்ளே போகவில்லை, தேதி போட்டு எழுத்தில் கேட்டோம். அதற்கப்புறம் எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது என்று சொன்னால் பொய், இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் முதல் கூட்டத்துக்கான கடிதம் அந்த வாரமே வந்தது.

வாங்குகிறவரிடம் போவது புதுசு இல்லை. 1947-இல் கெடாவில் பெடோங் பக்கம் தொண்டர் படையினர் (கள்ளை எதிர்த்த தோட்டத் தொழிலாளர் இயக்கம்) கள்ளுக்கடை வாசலில் போய் நின்றார்கள். கூலியாகப் போன காசு எந்த வழியாகத் திரும்பிப் போகிறது என்பதை அவர்கள் பார்த்துவிட்டார்கள். நம் காலத்தில் 2020-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 30 அன்று எஃப்ஜிவி, டிசம்பர் 30 அன்று சைம் டார்பி பிளான்டேஷன், இந்த இரண்டு பெரிய தோட்டக் கம்பெனிகளின் செம்பனை எண்ணெயையும் கட்டாய உழைப்புப் புகாரின் பேரில் அமெரிக்கச் சுங்கத்துறை நிறுத்தி வைத்தது. கேட்டில் நின்ற கூட்டம் எதுவும் அதைச் செய்யவில்லை, தகவலைச் சேர்த்து வாங்குகிற நாட்டின் வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் செய்தார்கள். சைம் டார்பி மீதான தடை நீங்க 2023 பிப்ரவரி ஆனது. இடைப்பட்ட காலத்தில் தொழிலாளர் விஷயம் கம்பெனியின் மேல்மாடிக்கே ஏறிப்போனது.

பங்குச் சந்தைக் கம்பெனி என்றால் இன்னொரு வாசலும் உண்டு, ஆண்டுப் பொதுக்கூட்டம். ஒரு லாட் என்பது 100 பங்கு, விலை குறைந்த பங்கென்றால் நான்கு பேர் சேர்ந்து போட்டுக்கூட ஒருவர் பெயரில் வாங்கிவிடலாம். பங்கு இருந்தால் உள்ளே போய்க் கேள்வி கேட்கும் உரிமை இருக்கிறது. வெளியே இருபது பேர் பதாகை, உள்ளே ஒருவர் கேள்வி, இந்த ஜோடி தனித்தனியாகச் செய்வதைவிட நன்றாக வேலை செய்யும். கூட்டத்துக்கு இருபத்தொரு நாளாவது முன்னால் அறிவிப்பு வந்துவிடும், ஆகவே பஸ் பிடிக்க நேரம் இருக்கும். எந்த மண்டபத்தில், எத்தனை மணிக்கு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், வெறும் மண்டபத்துக்கு முன்னால் போய் நின்று ஏமாறக்கூடாது.

கதை கைமாறிப் போகும் இடங்கள்

இடம் தப்பானால் ஆள் வராது என்பது ஒரு நஷ்டம்தான், பேச்சே மாறிப்போவது அதைவிடப் பெரிய நஷ்டம். 2011 அக்டோபரில் லண்டனில் பணக்காரர்களை எதிர்த்துக் கிளம்பியவர்கள் பங்குச் சந்தை இருக்கும் சதுக்கத்துக்குத்தான் போனார்கள். அது தனியார் இடம், அடைத்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்த செயின்ட் பால் தேவாலயத்தின் முன்னால் கூடாரம் போட்டார்கள். அப்புறம் பல வாரம் பத்திரிகை முழுக்க என்ன? தேவாலயம் கதவை மூடலாமா, பாதிரியார் ஏன் பதவி விலகினார் என்பதுதான். வங்கிக்காரர்கள் நிம்மதியாகப் பசியாறினார்கள். அதே வருடம் செப்டம்பர் 17 அன்று நியூயார்க்கில் இருந்தவர்களுக்கும் முதலில் நினைத்த வங்கிச் சதுக்கம் வேலி போட்டு அடைக்கப்பட்டிருந்தது, அவர்கள் சுக்கோட்டி பூங்காவுக்குப் போனார்கள். அதுவும் தனியார் இடம்தான், ஆனால் 24 மணி நேரமும் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்ற ஒப்பந்தம் அந்தப் பூங்காவுக்கு இருந்தது. அதனால் போலீசால் உடனே கிளப்ப முடியவில்லை, நவம்பர் 15 வரை இருந்தார்கள். வால் ஸ்திரீட் இரண்டு தெரு தள்ளி இருந்ததால் பேச்சும் பணத்தை விட்டு நகரவில்லை. ஆகவே எப்போதும் இரண்டாவது இடம் ஒன்றை முன்கூட்டியே பார்த்து வையுங்கள், அந்த இடத்திலிருந்தும் நீங்கள் குறிவைத்த ஆளின் பெயர்ப்பலகை தெரிய வேண்டும்.

அடையாள இடம் வேண்டாமா என்று கேட்பீர்கள். 2007 நவம்பர் 25 ஹிண்ட்ராஃப் (இந்து உரிமைகள் நடவடிக்கைக் குழு) பேரணி, இங்கிலாந்திடம் நஷ்டஈடு கேட்டு, அப்போது ஜாலான் அம்பாங்கில் இருந்த பிரிட்டிஷ் தூதரகத்தைக் குறிவைத்தது. இங்கிலாந்து ராணி செக் எழுதித் தருவார் என்று அன்றைக்குப் போனவர்கள் யாரும் நம்பியதாக எனக்குத் தோன்றவில்லை. நம்மை இங்கே கொண்டுவந்தவன் வாசலில் நின்றால் இங்கே இருக்கிறவனுக்கு உறைக்கும் என்ற கணக்கு அது. 2008 மார்ச் 8 தேர்தலில் ஆளுங்கட்சி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்ததற்கு அந்தப் பேரணியும் ஒரு காரணம் என்று பலரும் சொல்கிறார்கள். சரி, ஆனால் அது பல ஆயிரம் பேர் வந்த கூட்டம். முப்பது பேரை வைத்துக்கொண்டு தூதரகத்துக்குப் போகாதீர்கள்.

வீட்டுக்குப் போகலாமா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஓர் இளைஞர் கேட்பார். என் பதில் வேண்டாம். இயக்குநரின் பங்களாவுக்கு முன்னால் போனால் உள்ளே அவருடைய அம்மாவும் பிள்ளைகளும் இருப்பார்கள், மறுநாள் படத்தில் பயந்த முகம் அவர்களுடையது, வில்லன் நாம். அந்த வீட்டு முகவரியை வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவதும் அப்படித்தான், அதை நாம் யாருக்கும் செய்யக்கூடாது. லயத்துக்கு ஆள் அனுப்பி மிரட்டியபோது நமக்கு எப்படி இருந்தது? அவர் ஆபீஸ், அவர் கூட்டம், அவர் திறப்புவிழா, அவர் கையெழுத்துப் போடும் இடம், இவ்வளவு இருக்கும்போது வீடு எதற்கு. கிராணி, மண்டோர், காவலாளி, கவுண்டர் பெண் இவர்களையும் விட்டுவிடுங்கள். அவர்களும் சம்பளத்துக்கு இருக்கிறவர்கள், பல தடவை தகவல் வருவதே அவர்களிடமிருந்துதான்.

அளவுநாடா எடுத்துக்கொண்டு போங்கள்

2012 அமைதிப் பேரணிச் சட்டத்தில் கூடக்கூடாத இடங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது: ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், வழிபாட்டுத் தலம், பெட்ரோல் நிலையம், ரயில் பாதை, பஸ் நிலையம், பாலம், தீயணைப்பு நிலையம், இன்னும் சில. அவற்றிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கூடக்கூடாது. கோலாலம்பூரில் இது பெரிய விஷயமாகத் தெரியாது, தோட்டத்துப் பட்டணத்தில்தான் மாட்டிக்கொள்வோம், ஏனென்றால் நம் ஊர்களில் தோட்டத்துக் கேட்டை ஒட்டியே மாரியம்மன் கோயில், கோயிலை ஒட்டியே தமிழ்ப்பள்ளி, முச்சந்தியில் பெட்ரோல் நிலையம். கைப்பேசி வரைபடத்தில் அளந்து பாருங்கள், சந்தேகமாக இருந்தால் நேரில் போய் நாடா பிடித்து அளந்து படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாவட்டப் போலீஸ் தலைவருக்கு ஐந்து நாள் முன்னால் எழுத்தில் அறிவிப்புக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம் என்ற 9(5) பிரிவு அரசியலமைப்புக்கு முரண் என்று கூட்டரசு நீதிமன்றம் 2025 ஜூலை 1 அன்று சொல்லிவிட்டது. இருந்தாலும் கொடுங்கள் என்றுதான் சொல்வேன், ரோட்டோரம் பாட்டிமாரை வைத்துக்கொண்டு நிற்கும்போது போக்குவரத்துப் போலீஸ் ஒருவர் இருப்பது நமக்குத்தான் நல்லது. ஏற்பாட்டாளருக்கு 21 வயதாகியிருக்க வேண்டும். 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை அழைத்து வரக்கூடாது. வெளிநாட்டவருக்கு இந்தச் சட்டத்தில் கூடும் உரிமை இல்லை, ஆகவே லயத்தில் பக்கத்து வீட்டில் இருக்கும் வங்காளதேசத்துத் தம்பியை ஆள் சேர்க்க அழைத்துப் போகாதீர்கள், அவருடைய பர்மிட் போய்விடும். அவர் பிரச்சினையை அவரிடம் கேட்டு நீங்கள் பேசுங்கள். சம்பளத் தகராறு, தொழிற்சங்கம் நடத்தும் பிக்கெட் என்றால் அது வேறு சட்டம், 1967 தொழில் உறவுச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, அதில் வேலையிடத்துக்குப் பக்கத்தில் நிற்கலாம், வாசலை மறிக்கக்கூடாது, மிரட்டக்கூடாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல், எது உங்களுக்குப் பொருந்தும் என்று ஒரு வக்கீலிடம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் இடத்தைப் போய்ப் பாருங்கள், அதே கிழமை, அதே நேரம். காலையில் நிழலாக இருக்கும் நடைபாதை பதினொரு மணிக்கு அடுப்பு மாதிரி இருக்கும், நாலு மணிக்கு மழை வரும், கழிப்பறை எங்கே, பஸ் எங்கே இறக்கிவிடும், முட்டிவலிக்காரர்கள் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், இரண்டு பக்கமும் வெளியேற வழி இருக்கிறதா. பாடாங் (திடல்) வேண்டாம். எண்பது பேர் பாடாங்கில் நின்றால் படத்தில் எட்டுப் பேர் மாதிரி தெரியும், அதே எண்பது பேர் குறுகலான நடைபாதையில் நின்றால் ஊரே திரண்ட மாதிரி இருக்கும். நிருபர் ஒருவர் எங்கே நின்று படம் எடுப்பார் என்று பார்த்து, அந்தப் படத்துக்குள் கம்பெனியின் பெயர்ப்பலகை விழுகிற மாதிரி நில்லுங்கள். அரசாங்க அலுவலகம் என்றால் வேலைநாள் காலை எட்டு மணிக்கு, கவுண்டர் திறக்கும்போது. வெள்ளிக்கிழமை மதியம் போகவே போகாதீர்கள், தொழுகை நேரம், பன்னிரண்டே காலிலிருந்து இரண்டே முக்கால் வரை யாரும் இருக்க மாட்டார்கள்.

மனுவை மூன்று பிரதி எடுத்துப் போங்கள். ஒன்று அவர்களுக்கு, ஒன்று நிருபருக்கு, மூன்றாவதில் தேதியோடு பெற்றுக்கொண்ட முத்திரை விழ வேண்டும். "பெரிய அதிகாரி மீட்டிங்கில் இருக்கிறார், வைத்துவிட்டுப் போங்கள்" என்பார்கள். வைக்கலாம், ஆனால் முத்திரை விழாமல் யாரும் பஸ்ஸில் ஏறக்கூடாது. எங்கள் பாட்டி அந்த மூன்றாவது பிரதியை ஒரு பிஸ்கட் தகரத்தில், தாத்தாவின் சிவப்பு ஐசிக்கு (குடியுரிமை இல்லாதவரின் அடையாள அட்டை) பக்கத்தில் வைத்திருக்கிறார், ஒவ்வொரு தடவையும் வக்கீல் கேட்கும்போது அங்கிருந்துதான் வருகிறது.